மயில் படம் போட்ட சுற்றளவு

கல்யாணப் பத்திரிகையை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கையில் கொடுத்தது, மேலே பிள்ளையார் இருக்கிறார், உள்ளே தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, எப்படிப் போடுவது? என் வீட்டில் தையல் மிஷினுக்கு மேலே ஒரு கம்பியில் குத்திக் குத்தி வைத்திருந்தேன். தை, மாசி முடிவதற்குள் கம்பி வளைந்துவிடும். ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் தங்கள் வீட்டுப் பத்திரிகை அதில் தொங்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அளவு கொடுப்பார்கள்.

அந்தப் பத்திரிகைகளைத்தான் ஒருநாள் கத்தரிக்கோலால் வெட்டினேன்.

நான் டீச்சர் இல்லை. பத்தாவதோடு நின்று, கல்யாணமாகி, ப்ளஸ் டூவை மிஷின் பக்கத்திலேயே புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாக எழுதித் தேறியவள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டில் கூட்டேரிப்பட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே வந்தால் எங்கள் ஊர். இங்கே தொடக்கப் பள்ளி விட்டதும், அதே வராண்டாவில் நாலரையிலிருந்து ஆறு மணி வரை மாலை வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பேர் தையல் மிஸ்.

கணக்கில் எங்கள் பிள்ளைகள் மோசமில்லை. கூட்டு என்றால் கூட்டும், கழி என்றால் கழிக்கும். ஆனால் கேள்வியில் 'சுற்றளவு காண்க' என்று இருந்தால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கணக்கு தெரியும், கணக்கு பேசுகிற பேச்சு தெரியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஈவு, மீதி, மடங்கு, விளிம்பு என்று ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவி நானே கற்றுக்கொண்டதால் அந்தத் திண்டாட்டம் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் ஒரு விளையாட்டு உண்டாக்கினேன்.

பத்திரிகை அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டுவது. ஒரு பக்கம் மயிலோ, பிள்ளையாரோ, வாழைமரமோ இருக்கும். மறுபக்கம் வெறுமையாக இருக்கும். வெறும் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கணக்குச் சொல். மொத்தம் அறுபது அட்டை. சொல் தரையைப் பார்க்க, படம் மேலே தெரியப் பாயில் பரப்புவேன். இரண்டு இரண்டு பேராக ஆட வேண்டும். ஒருத்தர் ஓர் அட்டையை எடுத்து, அதில் இருக்கும் சொல்லைச் சொல்லாமல் விளக்க வேண்டும். ஜோடி கண்டுபிடிக்க வேண்டும். என் போனில் ஒரு நிமிஷம் ஓடும். கண்டுபிடித்ததும் அட்டை பாய்க்குத் திரும்பிவிடும்.

முதல் வாரம் ஊரே எட்டிப் பார்த்தது. ஒரு பிள்ளையின் அப்பா கேட் அருகே சைக்கிளை நிறுத்தினார். "இன்னாம்மா, புள்ளைங்களுக்கு சீட்டாடக் கத்துக் குடுக்கறியா?"

"இது கணக்கு அண்ணே."

"சீட்டாடற எடத்துலயும் கணக்குதான் போட்டுக்கினு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் தினமும் அந்த நேரத்துக்கு அதே இடத்தில் சைக்கிள் நின்றது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதை அழகாகச் சொன்னாலும் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுவேன். பஸ்ஸில் கேட்டது, ரேஷன் கடை வரிசையில் கேட்டது எல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டு மாலை வகுப்புக்கு வந்த பிறகு பாதிக்கு மேல் ஒரே பிள்ளையின் பேச்சாக நிரம்ப ஆரம்பித்தது.

நாலாம் வகுப்பு. ஒல்லியான பெண். ஒரு மாசம் வாயே திறக்காமல் சுவரில் சாய்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். போர்டில் எழுதியதைப் பார்த்து அப்படியே அச்சடிப்பாள். நான் அதை எல்லார் முன்னாலும் காட்டிப் பாராட்டியிருக்கிறேன். திடீரென்று ஒருநாள் தானாக எழுந்து வந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஜோடி சேர்த்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாய் ஓயாதவள்.

அன்றைக்கு நான் எழுதியவை:

தோராயம் என்பதற்கு, "எண்ணாம சொல்றது. ஆனா பொய் இல்ல."

இணைகோடு என்பதற்கு, "ரெண்டும் சேந்துச்சின்னா ரயிலு கவுந்துடும்."

சுற்றளவுக்கு, "ஆடு உள்ள வராம இருக்க எவ்ளோ முள்ளு வெட்டணுமோ, அவ்ளோ."

மடங்குக்கு, "ஒரு வரிசைக்கு ஆறு கல்லு அடுக்கினா, வரிசை ஏற ஏற வர்ற கணக்கு."

மீதிக்கு அவள் சொன்னதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. "நாலு பேருக்குப் போட்டுட்டு, கடைசியா எங்கம்மாவுக்குச் சட்டியில இருக்கறது." அந்த ஒரு வரியைத் துணி தைக்க வந்த எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருப்பேன்!

ஒரு நிமிஷத்தில் மற்ற ஜோடிகள் மூன்று, நாலு சொல் எடுத்தால் இவர்கள் பத்து எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஹெச்.எம். மேடம் ஒரு சுற்றறிக்கையைக் காட்டினார். இதே மாதிரி கணக்குச் சொல் விளையாட்டு விழுப்புரத்தில் மாவட்ட அளவில் நடக்கப் போகிறது. ஒரு பள்ளிக்கு ஒரே ஒரு ஜோடி. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெண் திண்டிவனத்தைத் தாண்டி எந்த ஊருக்கும் பள்ளிக்கூட யூனிஃபார்மில் போனதில்லை. மறுநாளே அவள் அம்மா கேட்டுக்கு வந்துவிட்டாள். வேர்க்கடலை பிடுங்குகிற மல்லாட்டைக் கொல்லையிலிருந்து நேராக வந்தவள், முந்தானையில் மண்.

"டீச்சரம்மா, விழுப்புரம் போவுதுன்னு சொல்லுதே, நெசமா? நான் கொல்லையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அப்பறம் இல்லன்னு ஆச்சின்னா எனக்குத்தான் அசிங்கம்."

"போவா. நல்லா ஆடறா."

"எதுக்குக் கூட்டிக்கினு போறாங்க? போட்டோ புடிப்பாங்களா?"

"விளையாடத்தான்."

"விளையாடறதுக்கா பஸ்ஸு வெச்சிக்கினு போவாங்க?" அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் போகும்போது, "ஜடைக்குப் பச்சை ரிப்பனா, செவப்பு ரிப்பனா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

விஷயம் இதுதான். அந்த இரண்டு பெயரில் அவள் பெயர் இருக்குமா, இருக்காதா?

என் மனசில் புழுவை விட்டது இன்னோர் அம்மா. மகளை ஸ்கூட்டியில் கூட்டிப்போக வருகிறவள். எனக்கு நல்ல கஸ்டமர். அவள் மகள் ஜோடிதான் இரண்டாவது இடம். ஒருநாள் வண்டியில் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. அந்தப் பொண்ணு கார்டைப் படிக்கவே மாட்டேங்குது, பாத்தீங்களா?"

"படிக்காம எப்படிச் சொல்லுவா?"

"அதான் நானும் கேக்கறேன். எம்பொண்ணு கார்டை எடுத்து, படிச்சி, யோசிச்சி, அப்பறம் சொல்லுது. அது கையில எடுக்கும்போதே சிரிக்குது. இன்னா வரப்போவுதுன்னு முன்னாடியே தெரிஞ்சவங்கதான் அப்படிச் சிரிப்பாங்க."

பொறாமை என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். ஆனால் அன்றைக்கு நான் பேச்சைக் கேட்கவில்லை, கண்ணைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அட்டையை எடுப்பாள், ஒரு பேச்சுக்கு அதைக் கண்ணுக்கு நேரே வைப்பாள், அதற்குள் வாய் பேச ஆரம்பித்திருக்கும்.

நான் நம்பிக்கையோடு பிறந்தவள் என்று சொல்ல மாட்டேன். இரண்டரை மீட்டர் துணி என்று கொடுத்தால், கொடுத்தவர் தெருமுனை திரும்புவதற்குள் டேப்பை எடுத்து அளந்துவிடுவேன். தையல்காரிக்கு அது வேண்டும். அந்த டேப்பை இப்போது ஒரு பிள்ளைமேல் போட ஆரம்பித்தேன்.

அட்டைப் பெட்டி பள்ளி பீரோவில் இருக்கும். சாவி மேடத்திடம். இருந்தாலும் அட்டைகளை எண்ணினேன். அறுபதும் இருந்தன. வாய் ஓயாதவள் ஏதாவது ஜாடை காட்டுகிறாளோ என்று ஜோடியை மாற்றினேன். வேறொரு மந்தமான பிள்ளையோடு உட்காரவைத்தேன். அப்போதும் ஏழு சொல். பின்னால் ஜன்னல் கண்ணாடியில் எழுத்து தெரிகிறதோ என்று இடத்தை மாற்றினேன். எட்டு சொல். அட்டைகளைக் கலைத்துக் கலைத்துப் பரப்பினேன். ஒன்றும் ஆகவில்லை.

"மிஸ், தெனம் எங்கள மட்டும் ஏன் எடம் மாத்தறீங்க?" என்றாள் வாய் ஓயாதவள்.

"சும்மாதான்."

"சும்மான்னா அவங்களயும் மாத்துங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் அவளைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அட்டையில் ஏதோ அடையாளம் வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. ஒரு ராத்திரி உட்கார்ந்து அறுபது அட்டைக்கும் படத்தின் மேலே காக்கித் தாள் ஒட்டினேன். மறுநாள் பாயில் எல்லாம் ஒரே காக்கியாகக் கிடந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கேட்டில் ஸ்கூட்டி அம்மா, தலையை நீட்டிக்கொண்டு. இவள் ஓர் அட்டையை எடுத்தாள். உடனே பேசவில்லை. கட்டைவிரலால் காக்கித் தாளை மெதுவாகத் தடவினாள். மூக்குக்குக் கிட்டே கொண்டு போனாள். பிறகு சொன்னாள்: "முழுசா வாங்காத தர்பூசணி."

"பின்னம்!" என்று கத்தினாள் வாய் ஓயாதவள்.

ஆறு சொல் எடுத்தார்கள். வேகம் குறைந்திருந்தது, ஆனாலும் முதலிடம்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தோற்றால்கூட வந்திருக்காது. இப்படித் தடவித் தடவி, மோந்து மோந்து ஜெயிப்பதைப் பார்த்ததும், இது ஏமாற்றுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. எப்படி என்று தெரியாமலேயே மேடத்திடம் போய், "அந்தப் பொண்ணு ஏதோ பண்றா மேடம்" என்று சொல்லிவிட்டேன். இதுதான் நான் செய்த தப்பு. வாயில் வந்ததைத் திருப்பி வாயில் போட முடியுமா?

மேடம் பேனாவை மூடினார். "அப்ப ரெண்டாவது ஜோடியை எழுதிடலாமா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் திண்டிவனம் போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கெட்டியான சார்ட் வாங்கினேன். முன்னும் பின்னும் ஒரே வெள்ளை, வழவழவென்று. கடைக்காரர் சுருட்டிக் கொடுத்ததைக்கூடப் பிரித்துப் பார்த்து, பின்பக்கம் ஏதாவது கறை இருக்கிறதா என்று சோதித்துத்தான் வாங்கினேன். ஸ்கேல் வைத்து, பிளேடால் அறுபது அட்டை. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நூலளவு வித்தியாசம் கிடையாது.

வியாழக்கிழமை பாயில் பரப்பினேன். அவள் உட்கார்ந்தாள். போனில் நிமிஷம் ஓட ஆரம்பித்தது.

ஓர் அட்டையை எடுத்தாள். பின்பக்கம் பார்த்தாள். தடவினாள். முன்பக்கம் திருப்பினாள். பேசவில்லை. கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதற்கும் பேச்சில்லை. வாய் ஓயாதவள், "சொல்லுடீ, சொல்லுடீ" என்று முழங்காலைத் தட்டினாள். மூன்றாவதை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டே இருந்தாள். நிமிஷம் முடிந்து போன் மணி அடித்தது.

"மறந்துட்டேன் மிஸ்."

கேட்டிலிருந்து சத்தம் வந்தது. "நான்தான் சொன்னேனே!"

பிள்ளைகள் சிரித்தன. எனக்கும் ஒரு நொடி சந்தோஷம்தான். பொய் சொல்வானேன். அளவு குறைந்த துணியைக் கண்டுபிடித்தால் வருமே, அந்தச் சந்தோஷம். அடுத்த நொடி அவள் கையில் இருந்த அட்டையைப் பார்த்தேன்.

அவள் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு பழைய பெட்டியை எடுத்தேன். ஓர் அட்டையின் ஓரத்தில் காக்கித் தாளை உரித்தேன். கீழே மயில், எழும்பி நிற்கிற அச்சு. விரலை வைத்தால் தோகை தெரியும். இன்னொன்று பொன் விளிம்பு வைத்தது. ஒன்று பஞ்சுபோல் மெத்தென்று இருந்தது. பல அட்டைகளின் மூலையில் மஞ்சள் வாசனை இன்னும் போகவில்லை. அறுபது கல்யாணம், அறுபது விதம். சீட்டின் பின்பக்கமெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது, சைக்கிள் நிறுத்திப் பார்த்த அந்த அண்ணனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அறுபது அடையாளத்தை நானே வெட்டிப் பாயில் பரப்பிவிட்டு, அடையாளம் வைத்தது யார் என்று வாரக் கணக்கில் தேடியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கே வரவில்லை. மதியம் மிஷினை மூடிவிட்டு, பழைய பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைக்குப் போனேன். பிடுங்கிய செடிகள் குவியலாகக் கிடந்தன. பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா பக்கத்தில் அவள், தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அம்மா எழுந்திருக்கவில்லை.

"எம்பொண்ணு இன்னாத்தத் திருடிச்சி டீச்சரம்மா?"

"திருடல."

"ஊருல அப்படித்தானே பேசிக்கினு இருக்கறாங்க. ஸ்கூட்டிக்காரம்மா கடையில நின்னு சொல்லிச்சாம், எம்பொண்ணு ஃபிராடு வேலை பண்ணிடுச்சின்னு. ரிப்பன் வாங்கி வெச்சிட்டேன். இப்ப அத்த இன்னா பண்ணட்டும்?"

பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு செடியை எடுத்துக் காய் ஆய ஆரம்பித்தேன். இன்னொரு பெண், "பாத்து ஆயுங்க, பிஞ்சையும் சேத்துப் பறிக்கறீங்க" என்று அதட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்து, காக்கித் தாளை உரித்த மயிலை அந்தப் பெண்ணுக்கு முன்னால் வைத்தேன். சொல் மண்ணைப் பார்த்திருந்தது.

அவள் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இப்ப சொன்னா திட்டுவீங்களா?"

"மாட்டேன்."

"சுற்றளவு."

அடுத்ததை உரித்து வைத்தேன். "ரெண்டு கிளி. இணைகோடு." அடுத்தது. "தந்தம் ஒடஞ்ச பிள்ளையாரு. மீதி." அடுத்தது. "இது உங்க தெருவுல நடந்த கல்யாணம், பொண்ணு படமே போட்டிருப்பாங்க. மடங்கு." காய் ஆய்ந்துகொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. இருபது அட்டை வரை போனேன். ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு மாசம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, யார் எந்தப் படத்தை எடுத்தார்கள், கடைசியில் எந்தச் சொல்லைக் கத்தினார்கள் என்று காதால் கேட்டே அறுபதையும் மனசில் ஏற்றியிருக்கிறாள்.

மயிலைத் திருப்பி மார்க்கர் எழுத்தைக் காட்டினேன். "இது?"

தலையைக் குனிந்துகொண்டாள். "அது தெரியாது மிஸ்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா எழுத்துக் கூட்டிப் படிக்கறவங்களோட போடுவீங்க. அதுல எந்தம்பி இருக்கறான். அவன் வீட்டுல வந்து சொல்லிக் காட்டுவான்."

அம்மா மெதுவாகச் சொன்னாள். "ஒண்ணாவது, ரெண்டாவது படிக்க வேண்டிய நேரத்துல நாங்க செங்கல் சூளைக்குப் போயிட்டோம் டீச்சரம்மா. கல்லு அடுக்கினு இருந்துச்சி."

வரிசைக்கு ஆறு கல். அந்த வரி என் நோட்டில் எத்தனை நாளாகக் கிடந்தது! அழகாக இருக்கிறது என்று எழுதினேனே தவிர, இது எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையாவது கேட்டேனா?

அங்கிருந்து நேராக மேடத்திடம் போனேன். பெயர் எழுத வேண்டிய தாள் மேஜையில் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். மேடம் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"படிக்கத் தெரியாத பிள்ளையை நாலாவதுல வெச்சிருந்தோம்னு எல்லார் முன்னாடியும் காட்டப் போறீங்களா?"

"கண்டுபிடிக்கிற பக்கம் உக்காந்தா படிக்கவே வேண்டியதில்ல மேடம்."

"சுற்றறிக்கையை நீங்க முழுசாப் படிக்கல." கடைசி வரியில் விரல் வைத்தார். பாதி நேரம் முடிந்ததும் இருவரும் இடம் மாற வேண்டும் என்று இருந்தது. "அந்தப் பாதியில என்ன பண்ணுவீங்க?"

"இருபது நாள் இருக்கு."

"உங்களுக்கு யாரையுமே நம்பத் தெரியாதுன்னுதான் நெனச்சேன்" என்றார் மேடம். தாளை என் பக்கம் தள்ளினார். இரண்டு பெயரையும் நானே எழுதினேன்.

இருபது நாளும் அவள் மாலை வகுப்பு முடிந்து என் வீட்டுக்கு வந்தாள். வெளியே சொன்னது ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்கக் கற்றுக்கொள்கிறாள் என்று. மயில் அட்டையை வைத்து, பக்கத்தில் 'சுற்றளவு' என்று எழுதிய வெள்ளை அட்டையை வைப்பேன். அவளுக்கு மயிலைத் தெரியும். மயில் மூலமாக எழுத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு மயிலை எடுத்துவிடுவேன். முதல் வாரம் அவள் என்னை நம்பவே இல்லை. நான் சொல்லிக் கொடுத்த ஒவ்வோர் அட்டையையும் வெளியே எடுத்துப்போய், வாசலில் காத்திருக்கும் வாய் ஓயாதவளிடம் காட்டி, "இது இன்னாடீ?" என்று கேட்பாள். அவளும் அதையே சொன்ன பிறகுதான் உள்ளே வந்து உட்காருவாள். அதைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

விழுப்புரத்தில் ஒரு பெரிய பள்ளியின் மண்டபம். பச்சை ரிப்பன். மேஜையில் அச்சடித்த அட்டைகள், பின்பக்கமெல்லாம் ஒரே நீலம். அவள் என் கையை இழுத்துக் காதில் சொன்னாள். "மிஸ், பின்னாடி எல்லாம் ஒண்ணா வெச்சிருக்கறாங்க. ஏமாத்தறாங்க."

முதல் பாதி அவள் கண்டுபிடித்தாள். வாய் ஓயாதவளின் விளக்கம் கேட்கச் சகிக்காது. "அதான், அது, வட்டத்துல, ஐயோ!" என்பாள். இவள், "விட்டம்" என்பாள். ஒன்பது சொல். மண்டபம் திரும்பிப் பார்த்தது. அடுத்து இடம் மாறினார்கள்.

அட்டையை எடுத்தாள். முதலில் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். உதடு அசைந்தது. "அவளுக்கும் எனக்கும் சண்டை வராம குடுக்கறது." "சமம்!" ஒன்று. அடுத்ததைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள், படிக்க முடியவில்லை. அடுத்தது விளிம்பு. இரண்டு. இன்னும் இரண்டு தள்ளினாள். மூன்றாவதாக ஒன்றைப் படித்ததும் முகம் மலர்ந்து சத்தமாகவே சொன்னாள். "நாலு பேருக்குப் போட்டும் சட்டியில கெடக்கறது!" "மீதி!" மணி அடித்தது.

மொத்தம் பன்னிரண்டு. பரிசு பதினாறு எடுத்தவர்களுக்கு. "பரவால்ல மிஸ், அவங்க கார்டு எல்லாம் ஈசியா வந்துச்சி" என்று வாய் ஓயாதவள் அவர்கள்மேலும் சந்தேகத்தை இறக்கி வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள் உட்கார்ந்தாள். வாய் ஓயாதவள் என் தோளில் தூங்கிவிட்டாள். அன்றைக்குக் கேட்டதை மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று நோட்டை எடுத்தேன்.

"எம்பேச்சா எழுதறீங்க?"

"ஆமா."

"காட்டுங்க."

கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். விரலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தினாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ் நின்று ஆட்கள் ஏறி இறங்கினார்கள். அவள் நிமிரவில்லை. ஒரே வரியில் விரல் நின்றிருந்தது.

"மிஸ், இது மீதிக்குச் சொன்னதுதானே?"

"ஆமா."

"எங்கம்மாவுக்குன்னு போட்டிருக்குது. நான் அப்படிச் சொல்லலியே."

"சொன்னியே. கடைசியா அம்மாவுக்குச் சட்டியில இருக்கறதுன்னு."

"இல்ல மிஸ். சட்டியில கெடக்கறதுன்னுதான் சொன்னேன். எங்கம்மா காலையில மொதல்ல சாப்ட்டுட்டுத்தான் எங்களுக்கே போடும். அப்பறம் கொல்லையில எப்படி வேலை செய்யும்?"

அன்றைக்கு அவள் என்ன சொன்னாள் என்று நினைத்துப் பார்த்தேன். காலையில் மண்டபத்தில் கத்தியது காதில் இருந்தது. அதில் அம்மா இல்லை. முதல் நாளும் இருந்திருக்க மாட்டாள். எழுதும்போது நான்தான் சேர்த்திருக்கிறேன். சேர்த்துவிட்டு, அதைப் படித்து நானே தொண்டை அடைத்து நின்றிருக்கிறேன்.

"அடிச்சிடுங்க" என்றாள்.

பேனாவை எடுத்து அடித்தேன். முழுதாக அடித்தேனா என்று குனிந்து பார்த்தாள்.

"மத்ததையும் பாக்கறேன்" என்று சொல்லி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பினாள். அதில் ரேஷன் கடைப் பேச்சு, பஸ் பேச்சு, ஸ்கூட்டி அம்மா பேச்சு எல்லாம் இருந்தது. எதில் நான் எதைச் சேர்த்தேன், எதை விட்டேன் என்று எனக்கே தெரியாது. அவள் விரல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கூட்டேரிப்பட்டு சீக்கிரம் வராதா என்று நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.